கரைமேல் சைக்கிள்: கல்லணை முதல் சுவாமிமலை வரை

"வண்டிச் சத்தமே இல்லாத வழி. ஆறு, கால்வாய், கொடித்தோட்டம், மலை." இரண்டு நாள் சைக்கிள் சுற்றுலா ஒன்றின் துண்டறிக்கையில் இப்படித்தான் போட்டிருந்தார்கள். ஆறும் கால்வாயும் சரி, தஞ்சாவூர் மாவட்டத்தில் மலைக்கு எங்கே போவார்கள் என்று என் மகள் கேட்டாள். விசாரித்தால், சுவாமிமலையாம். அது கட்டுமலை, மொத்தமே 60 படி. அந்தத் துணிச்சல் பிடித்துப்போய்த்தான் பணம் கட்டினேன்.

திருச்சியிலிருந்து நடத்தும் சிறிய நிறுவனம். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன், சின்னப் பிள்ளைகள் கடன் வாங்கி நடத்தும் தொழில். சனிக்கிழமை விடியற்காலை கல்லணையில் கிளப்பி, திருவையாற்றில் ராத்தங்கல் கொடுத்து, ஞாயிறு சாயங்காலம் சுவாமிமலையில் இறக்கிவிடுகிறார்கள். ஆளுக்கு 4,800 ரூபாய். சைக்கிள், ஹெல்மெட், தங்கல், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். மூட்டைமுடிச்சை ஒரு டாடா ஏஸ் தூக்கி வருகிறது. நாங்கள் போனது தை மாதம், பொங்கல் முடிந்து, ஆற்றில் இன்னும் தண்ணீர் இருந்த நேரம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள் என்பதால் அதற்குள் போய்விட வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். வறண்ட ஆற்றின் கரையில் சைக்கிள் ஓட்ட யாருக்கு ஆசை?

முதலில் பாராட்டு. கல்லணையில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வழிகாட்டியாக வந்த தம்பி ஒவ்வொருவரையும் ஏறி உட்காரச் சொல்லி, பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்குகிற உயரத்துக்குச் சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுத்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். செயினில் எண்ணெய் இருந்தது. வாடகைச் சைக்கிள் கடையில் பம்பைக் கையில் கொடுத்து "காத்து நீங்களே அடிச்சுக்குங்க" என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான். இதற்கே பாதி மார்க் போட்டுவிட்டேன்.

அடுத்த நல்ல விஷயம், தம்பிக்கு ஆறு தெரியும். கல்லணைப் பாலத்தின் மேல் நிறுத்தி, கரிகாலன் யானைமேல் வந்தான் குதிரைமேல் வந்தான் என்று கதை அளக்காமல், தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று காட்டினார். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் பாசனத்துக்கு. மிஞ்சுகிற வெள்ளம் கொள்ளிடத்துக்கு. அணையின் பழைய உடம்பு ஆற்றுமணலில் கல்லைப் போட்டுப் போட்டு அது புதைந்து இறுகி நின்றது, 329 மீட்டர் நீளம். 1830களில் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்துப் படித்துவிட்டுத்தான் மேலே முக்கொம்பிலும் கீழே அணைக்கரையிலும் அணை கட்டினார். கல்லணைக் கால்வாய் மட்டும் மனிதர்கள் வெட்டியது. மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டம், 1934இல் முடிந்தது, 148 கிலோமீட்டர் ஓடிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் புது ஆறுதான். தொண்ணூறு வயதானாலும் புதுசு.

அந்தப் புது ஆற்றங்கரை வழியாகத் தஞ்சாவூர் போகும் தனித் திட்டமும் இந்த நிறுவனத்தில் உண்டு. அதை நான் எடுக்கவில்லை. 2021இல் அடிக்கல் நாட்டி, கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் வேலையைத் தொடங்கினார்கள். அடியிலும் கான்கிரீட் போட்டால் நிலத்துக்குள் தண்ணீர் இறங்காது என்று விவசாயிகள் சண்டை பிடித்தார்கள். பக்கச்சுவர் வெள்ளையாக அடிக்கிற வெயிலில் யார் ஓட்டுவது என்பது என் கவலை.

காவிரி வழியில் கல்லணையிலிருந்து கோவிலடி வரை காலை நேரத்தில் உண்மையிலேயே சத்தம் இல்லை. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாழை, அதற்கப்பால் எங்கோ கொள்ளிடம். பனி இறங்கி எதிரில் வருபவர் தெரியவில்லை, பால்கேன் சத்தம்தான் முதலில் வந்தது. கோவிலடியில் அப்பக்குடத்தான் கோயில் வாசலில் சற்று நிறுத்தினார்கள். இந்தப் பெருமாளுக்கு ராத்திரி தோறும் அப்பம் படைப்பார்கள். நாங்கள் போனது காலை, எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும்தான்.

கோவிலடிக்கு அப்புறம் மண்கரையில் ஏற்றினார்கள். இங்கே கொஞ்சம் சொந்தக் கதை சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் கரையைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வெண்ணாற்றுப் பக்கம் வேலை. ஷட்டர் ஏற்றி இறக்குவது, வாய்க்கால் பிரியும் தலைப்பில் எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்று எழுதி அனுப்புவது, கரையைச் சுற்றிப் பார்ப்பது. ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி டார்ச் லைட்டை ஹாண்டில்பாரில் கட்டிக்கொண்டு கரையோடு சைக்கிளில் போவார். நண்டு வளை, எலி வளை வழியாகக் கசிவு தொடங்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் விடிவதற்குள் உடைப்பு. அப்புறம் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் தூக்கிக்கொண்டு ஊரே ஓடவேண்டும். டெல்டாவின் கரைப்பாதை எல்லாம் இப்படி வந்ததுதான். லஸ்கரும் ஜீப்பும் போக வேண்டும் என்று விட்ட அகலம். உல்லாசத்துக்கு யாரும் போடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், துண்டறிக்கையில் "ஐரோப்பாவில் இருப்பதுபோல" என்று ஒரு வரி இருக்கிறது. என் நாத்தனார் மகன் பிரான்சில் துலூஸில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது கனால் து மிதி கரையில் எங்களைச் சைக்கிள் ஓட்டவைத்தான். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் 240 கிலோமீட்டர் கால்வாய், பதினான்காம் லூயி காலத்தில் வெட்டி 1681இல் திறந்தது. அது படகுக்காக வெட்டியது. படகைக் கரையிலிருந்து குதிரை கட்டி இழுத்தார்கள். குதிரை நடுவில் நிற்கக்கூடாது என்பதால் பாதை அறுபடாமல் போகிறது. துலூஸை விட்டதும் ஐம்பது கிலோமீட்டர் போலத் தார்ப்பாதை, கார் கிடையாது. மேடு வந்தால் தண்ணீரே படியேறுகிறது. பெசியே ஊருக்குப் பக்கத்தில் லாக் என்கிற கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படகைத் தூக்கிவிடும் படிக்கட்டு இருக்கிறது. இரண்டு பக்கமும் பிளேன் மரம், கார்க்கசோன் தாண்டித் திராட்சைத் தோட்டம். மரங்களுக்குப் பூஞ்சை நோய் வந்து ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், சில இடம் மொட்டையாக இருந்தது.

நம் ஆறு வயலுக்காக ஓடுகிறது. ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பிலும் கரை அறுபடும். மதகுக் கட்டை மேல் ஏறவேண்டும், இறங்கவேண்டும், சில இடத்தில் இரும்புக் கேட்டு. ஆகவே "ஐரோப்பாவில் இருப்பதுபோல" என்று போடாதீர்கள் என்று தம்பியிடமே சொன்னேன். அங்கே இப்படி ஒரு மதகில் நின்று, திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிவதைப் பார்க்க முடியாது. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் திரும்பிச் சுழன்று நுரைக்கிற இடத்தில் எங்கள் குழுவில் சென்னையிலிருந்து வந்த இருவர் வீடியோ எடுத்து மாளவில்லை. அவர்கள் குளிக்கக் கேட்டபோது தம்பி கண்டிப்பாக மறுத்துவிட்டார். சரியான முடிவு. ஷட்டருக்குக் கீழே ஆழமும் சுழலும் கண்ணுக்குத் தெரியாது, நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள்.

இனி குறை. "வண்டிச் சத்தமே இல்லாத வழி" என்பது முதல் நாள் காலை பத்து மணிவரைக்கும்தான் உண்மை. தையில் டெல்டாவே ரோட்டில் இருக்கும். சம்பா அறுவடை. பெல்ட் வைத்த அறுவடை வண்டியை லாரியில் ஏற்றி ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குக் கொண்டுபோகிறார்கள், நெல் ஏற்றிய டிராக்டர் கொள்முதல் நிலையத்துக்கு ஓடுகிறது, தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. நெல்மேல் சைக்கிளை ஏற்றக் கூசுகிறது, ஒதுங்கினால் பின்னால் மினி பஸ் ஹாரன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு போகும் வழியில் ரோட்டில் ஓட்டவைத்த துண்டுகள் எனக்குப் பிடிக்கவே இல்லை. மண்கரை ஈரமாக இருப்பதாகக் காரணம் சொன்னார்கள். அது நியாயம்தான், பனியில் களிமண் டயரில் அப்பிக்கொள்ளும். ஆனால் அதைப் பணம் வாங்கும்போது சொல்லியிருக்கலாமே.

காற்றைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. கல்லணையிலிருந்து சுவாமிமலை கிழக்கே. தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. பத்து மணிக்கு மேல் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பாதை தட்டை, ஒரு மேடு கிடையாது, இருந்தும் கியரைக் குறைத்துக் குறைத்து மிதித்தோம். மகள் சொன்னாள், "அம்மா, இதுதான் அவங்க சொன்ன மலை." இதே வழியில் ஆடியில் போனால் மேற்கிலிருந்து வரும் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே போகும். புதுத்தண்ணீர் வந்திருக்கும், பதினெட்டாம் பெருக்குச் சமயம் படித்துறையெல்லாம் கூட்டமும் காதோலை கருகமணியுமாக இருக்கும், அறுவடை வண்டித் தொல்லை இராது. வெயில் மட்டும்தான், அதற்கு விடியலில் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்திவிடலாம். இவர்கள் மார்கழி, தைதான் சீசன் என்று வைத்திருக்கிறார்கள். குளிருக்காக வரும் வெளியூர்க்காரர்களை நினைத்துச் செய்வது. என்னைக் கேட்டால் ஆடி, ஆவணி. இல்லையென்றால் தையில் சுவாமிமலையில் தொடங்கிக் கல்லணையில் முடிக்கட்டும்.

பெண்களுக்காக ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்தத் துண்டறிக்கையும் சொல்லாது. கரையில் கழிப்பறை கிடையாது. ஆனால் இந்த நிறுவனம் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தது: திருக்காட்டுப்பள்ளியில் காலை டிபன் சாப்பிட்ட கடையில், அப்புறம் வழியில் தெரிந்தவர் வீட்டில், மறுநாள் ஒரு பெட்ரோல் பங்கில். மூன்றும் சுத்தமாக இருந்தன. குழுவில் வந்த பெண் உதவியாளர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். முதலில் என்னை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், நான் லஸ்கர் மகள் என்று தெரிந்ததும் அக்கா ஆக்கிவிட்டார்.

பஞ்சர் பற்றி. கரை நெடுக சீமைக் கருவேலம். வெட்டிப்போட்ட முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மெல்லிய டயர் வண்டிகள் ஒன்று மாற்றி ஒன்று உட்கார்ந்தன. ஒவ்வொரு முறையும் உதவிக்கு வந்தவர் ட்யூபை மாற்றிக் கொடுத்துவிட்டார், நேரம்தான் போனது. அகல டயர் வைத்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திருவையாற்றுத் தங்கலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முற்றம் வைத்த பழைய வீடு, சுத்தமான படுக்கை, கொசுவலை. ராத்திரி நல்ல தூக்கம். ஆராதனைப் பந்தலை இன்னும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம், ஆற்றுப் பக்கம் காற்று நன்றாக வந்தது. அசோகா வாங்கிக் கொடுத்தார்கள். பாசிப்பருப்பு, நெய், சர்க்கரை, நாள் முழுக்க மிதித்த காலுக்கு அதைவிட என்ன வேண்டும். மதியச் சாப்பாடும் அங்கேதான்: புது அரிசிச் சோறு, மொச்சைக் குழம்பு, கத்தரிக்காய்க் கறி, ரசம், மோர். அந்தச் சமையல்காரம்மாவுக்கு என் தனி வணக்கம்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் சாரம். குடமுருட்டிக் கரையோடு பாபநாசம் பக்கம் வந்து, ராஜகிரி, பண்டாரவாடை வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் கூட்டிப்போனார்கள். துண்டறிக்கையில் கொடித்தோட்டம் என்று போட்டது இதைத்தான். பிரான்சின் திராட்சைத் தோட்டம் வெட்டவெளி, கொடி இடுப்பளவு, சூரியனைக் குடித்துக்கொண்டு நிற்கும். கொடிக்கால் நேர்மாறு. அகத்தியை வரிசையாக நட்டு, அதன்மேல் வெற்றிலைக் கொடியைக் கட்டி ஏற்றுகிறார்கள். வெயில் அகத்தி இலை வழியாக வடிந்துதான் உள்ளே இறங்கும். வரப்புபோல உயர்ந்த பாத்தி, நடுநடுவே தண்ணீர் நிற்கும் பள்ளம். வெளியே முகம் பொசுங்கிக்கொண்டிருந்தது, உள்ளே நாலடி போனதும் வேர்வை ஆறிவிட்டது. சைக்கிளை வெளியில் சாய்த்துவிட்டுப் போனோம். "செருப்பை வெளியிலேயே விட்டுட்டு வாங்கம்மா" என்றார் பெரியவர். சென்னைக்காரர்கள் ஷூ கழற்றத் தயங்கியபோது, "இல்லேன்னா இங்கேருந்தே பாத்துக்குங்க" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டார். எல்லோரும் கழற்றினார்கள்.

அவர் பறித்துக் காட்டியதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டைவிரல் நகத்தால் காம்பைக் கிள்ளுவது ஒரு நொடி. கை பாட்டுக்கு எண்ணிக்கொண்டே அடுக்குகிறது, நூறு சேர்ந்தால் ஒரு கவுளி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விலை கூடியதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "முகூர்த்த நாள்தாம்மா எங்களுக்குக் குறியீடு" என்றார். கல்யாணமும் திருவிழாவும் இருக்கும் வாரம் கவுளி பறக்கும், இல்லாத வாரம் படுத்துவிடும். மழை நீர் இரண்டு நாள் பள்ளத்தில் வடியாமல் நின்றால் வேர் அழுகிக் கொடி மொத்தமும் போகும். அதனால் கொடிக்கால்காரருக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவதைவிட வடிகாலில் போவதுதான் முக்கியமாம். இதைக் கேட்டபோது அப்பா இருந்திருந்தால் அவரும் இவரும் பேசி முடித்திருக்கமாட்டார்கள்.

கொழுந்து வெற்றிலை ஒன்றைச் சுண்ணாம்பு இல்லாமல் மென்று பார்க்கக் கொடுத்தார். காரம் மெதுவாக ஏறி, கடைசியில் ஓர் இனிப்பு. இந்த நிறுத்தத்துக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தது. விற்பனைக் கடை எதிலும் கொண்டுபோய் நிறுத்தவில்லை, பெரியவருக்கு அவர்கள் பணம் கொடுத்ததையும் பார்த்தேன். சுற்றுலா நடத்துகிற எல்லோரும் இப்படிச் செய்வதில்லை.

இத்தனை நல்ல மண்ணில், இத்தனை நல்ல சோறு விளையும் ஊரில், ஞாயிறு மதியம் சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஏசி ஓட்டலில் சப்பாத்தியும் பன்னீர் பட்டர் மசாலாவும் போட்டார்கள். குழுவில் வருபவர்கள் கேட்கிறார்களாம். எங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் சமைத்த அம்மாவையே மறுநாளும் கட்டுச்சோறு கட்டித்தரச் சொல்லியிருந்தால் ஆற்றங்கரை அரசமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். செலவும் குறைவு. கருத்துப் படிவத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றைக் காட்டினார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் எங்கள் டயரில் ஒட்டி வந்த அதே மண் என்று தம்பி சொன்னதும் மகள் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் போதவில்லை, இங்கே அவசரப்படுத்தினார்கள். அப்புறம் மலை. 60 படிக்கும் தமிழ் வருஷம் அறுபதின் பெயர். முழங்கால் கெஞ்சியது, நான் பிறந்த வருஷத்துப் படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே போனேன்.

யாருக்கு ஏற்றது? சைக்கிள் ஓட்டத் தெரிந்து, தினமும் கொஞ்சமாவது நடக்கிறவர்களுக்குச் சிரமமில்லை. எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டியவர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் போனார். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள், கரையின் விளிம்பில் தடுப்பு கிடையாது. கொள்ளிடம் வழியாக அணைக்கரை வரை நீளும் பயணமும் தொடங்கப்போகிறார்களாம். அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு, அங்கேயும் குளிக்கக் கேட்பவர்கள் வருவார்கள் என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

4,800 ரூபாய்க்கு மதிப்பு இருக்கிறதா என்றால், இருக்கிறது. ரோட்டில் ஓட்டவைக்கும் துண்டுகளை மாற்றினால் இன்னும் ஆயிரம் கூடக் கொடுப்பேன். பணம் கட்டுவதற்கு முன், எத்தனை கிலோமீட்டர் கரையில், எத்தனை கிலோமீட்டர் ரோட்டில் என்று நேராகக் கேளுங்கள், பதில் சொல்கிறார்கள். அகல டயர் வண்டி வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கொஞ்சம்தான் வைத்திருக்கிறார்கள், முதலில் கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.